பட்டுப் பாதை ஆரணி வரைக்கும் வந்ததா? ஒரு சேலைக்குள் மறைந்திருக்கும் 2,000 ஆண்டு வணிகக் கதை

'பட்டுப் பாதை' என்றதும் நம்ம மனசுல என்ன படம் ஓடும்? பாலைவனம், வரிசையாக நடக்கும் ஒட்டகங்கள், மூட்டை முடிச்சோடு சீன வியாபாரிகள். அதற்கும் தமிழ்நாட்டுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் நெய்த ஒரு பட்டுச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நூல் பெரும்பாலும் கர்நாடகாவில் இருந்து வந்தது. ஜரிகை குஜராத்தின் சூரத்தில் இருந்து வந்தது. டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டி பிரான்ஸில் பிறந்தது. 'ஜரிகை' என்ற சொல் பாரசீகம் வழியாக வந்தது. நெய்தவர் வீட்டில் பேசும் மொழி சௌராஷ்டிரமாகக்கூட இருக்கலாம்.

அரிசி ஆலைகளுக்கும் பட்டுக்கும் பெயர்போன, கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊருக்கு இத்தனையும் எப்படி வந்து சேர்ந்தது? இப்படி வந்து சேரும் வழியில் எது காணாமல் போனது? பார்ப்போம்.

பட்டுப் பாதை என்பது ஒரே ரோடா?

இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. 1877ல் ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்தோஃபன் என்ற ஜெர்மன் புவியியல் அறிஞர்தான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். உண்மையில் இருந்தது பல கிளைகள் கொண்ட ஒரு வலை. ஒரே வியாபாரி சீனாவில் இருந்து ரோம் வரை நடந்து போனதும் கிடையாது. சரக்கு கைமாறி கைமாறித்தான் போகும். இந்தக் 'கைமாறுதல்' முக்கியம், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

கி.மு. 138ல் சீனப் பேரரசர் வூ, சாங் சியன் என்ற தூதரை மேற்கே அனுப்பினார். அவர் இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தான் பகுதியான பாக்ட்ரியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே சந்தையில் தன் சொந்த நாட்டின் தென்மேற்குப் பகுதித் துணியும் மூங்கில் தடியும் விற்பதைப் பார்த்து அசந்து போனாராம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: இந்தியாவில். அதாவது சீன அரசு 'பாதை திறப்பதற்கு' முன்பே, பெயர் தெரியாத சில்லறை வியாபாரிகள் இந்தியா வழியாக ஒரு பாதையை நடந்தே திறந்துவிட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பட்டு என்றாலே சீனா என்பது முழு உண்மை இல்லை. ஹரப்பாவிலும் சான்ஹுதாரோவிலும் கிடைத்த நூலிழைகளை ஆராய்ந்ததில், 4,000 ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளி மக்கள் காட்டுப் பட்டுப்பூச்சிகளின் கூட்டில் இருந்து நூல் எடுத்தது தெரியவந்தது. மல்பெரி இலை தின்று வளரும் வீட்டுப் பட்டுப்புழுதான் சீனாவின் சொத்து. இன்று ஆரணித் தறியில் ஓடுவதும் அந்த மல்பெரி பட்டுதான்.

தமிழகத்துக்குச் சீனப் பட்டு எப்படி வந்தது?

இதற்கு நேரடியான எழுத்துச் சான்றே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதி வைத்த 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற வணிகக் கையேடு அது. எழுதியவர் பெயர் தெரியாது. எந்தத் துறைமுகத்தில் என்ன கிடைக்கும், எந்த மாதம் கப்பல் விட வேண்டும் என்று அந்தக் காலத்து ட்ராவல் கைடு மாதிரி எழுதியிருக்கிறார்.

அதில் சீனாவைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அங்கிருந்து கச்சாப் பட்டு, பட்டு நூல், பட்டுத் துணி மூன்றும் தரைவழியாகப் பாக்ட்ரியா வந்து, அங்கிருந்து குஜராத்தின் பரூச் துறைமுகத்துக்கு வருகின்றன. இன்னொரு கிளை கங்கை வழியாகத் தமிழகத்துக்கு வருகிறது. தமிழகத்தை அவர் 'திமிரிகே' என்ற பெயரில் குறிப்பதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். அதே நூலில் முசிறியில் இருந்து ஏற்றுமதியாகும் சரக்குப் பட்டியலில் மிளகு, முத்து, யானைத் தந்தத்தோடு பட்டுத் துணியும் இருக்கிறது.

புரிகிறதா? 2,000 ஆண்டுகளுக்கு முன்பு தமிழகம் பட்டை வாங்கியது மட்டுமில்லை, வாங்கியதை மறுபடி ரோமுக்கு விற்றது. இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்குமாக ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் காசு ரோமில் இருந்து வெளியே போகிறது என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் புலம்பியிருக்கிறார். கொங்குப் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியை ஒட்டிக் கிடைக்கும் ரோமானியக் காசுகளைப் பார்க்கும்போது அந்தப் புலம்பலுக்கு அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

உள்ளூரில் பட்டு புழங்கியதற்கும் சான்று உண்டு. புகார் நகரத்தில் பட்டு, மயிர், பருத்தி நூல் மூன்றிலும் வேலை செய்யும் நெசவாளர் குடியிருப்பு இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

நம்ம ஊர்ப் 'பெருவழிகள்'

கடல் வணிகம் பற்றி நிறையப் பேசிவிட்டோம். பூம்புகார், முசிறி, ராஜேந்திர சோழன் கப்பற்படை எல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். தரைவழி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் துறைமுகத்தில் கப்பல் ஏறும் சரக்கு அங்கேயே விளைவதில்லையே! உள்நாட்டில் இருந்து யாரோ சுமந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

ஆரணி இருக்கும் பகுதி பழைய தொண்டை மண்டலம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மிளகு மூட்டை சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் போகும் காட்சி வருகிறது. அந்த வழியில் சுங்கம் வசூல் உண்டு. கவலைக்குக் கவலை, அதாவது பாதை பிரியும் இடங்களில், வில் ஏந்திய காவல் வீரர்கள் உண்டு. இன்றைய டோல்கேட், ஹைவே பேட்ரோல் இரண்டும் அப்போதே இருந்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த நெடுஞ்சாலைகளுக்குப் 'பெருவழி' என்று பெயர். கோவை சுண்டக்காமுத்தூர் பக்கம் பாறையில் ராஜகேசரிப் பெருவழி பற்றிய கல்வெட்டு இருக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 'அதியமான் பெருவழி' மைல்கல் இன்னும் சுவாரசியம். சுமார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல், நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்வதோடு நிற்கவில்லை. 2 பெரிய குழி, 9 சிறிய குழி போட்டும் காட்டுகிறது. பெரிய குழி ஒன்றுக்கு 10, சிறிய குழி ஒன்றுக்கு 1. படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் தடவிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம்! 'தாவளம்' என்றால் வணிகர்கள் தங்கி இளைப்பாறும் இடம்.

கர்நாடகப் பீடபூமியில் இருந்து கிழக்கே இறங்கினால் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், பிறகு பாலாற்றை ஒட்டியே வேலூர், காஞ்சி. இன்றைய பெங்களூரு–சென்னை தேசிய நெடுஞ்சாலையும் ஏறக்குறைய இந்தப் போக்கில்தான் போகிறது. வேலூருக்குப் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கும் சிவனுக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர். மைசூர்ப் பக்கம் இருந்து காஞ்சிக்கு மிளகு மூட்டையோடு போன வணிகர் ஒருவர், வழியில் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து இங்கே வேண்டிக்கொள்ள, சிவனே கூடத் துணைக்குப் போனார் என்கிறது தலபுராணம். புராணத்தை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் மிளகு மூட்டை போனதும், வணிகர்களுக்கு உயிர்ப்பயம் இருந்ததும் மட்டும் ஊர் நினைவில் பதிந்திருக்கிறது.

ஆரணிக்கு இன்னும் பக்கத்தில், போளூர் அருகே திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது. அங்கே பாறையில் முதலாம் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு உண்டு. சுமார் 1024ஆம் ஆண்டு. தரைவழியே கங்கை வரை சோழப் படை போய் வென்ற நாடுகளின் பட்டியலுக்காக வரலாற்றுப் புத்தகங்களில் இது பிரபலம். ஆனால் அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது தெரியுமா? மல்லியூரைச் சேர்ந்த நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, கோயிலுக்கு விளக்கும் படையலும் வைக்கக் கொடுத்த கொடையைப் பதிவு செய்யத்தான். ராஜாவின் திக்விஜயம் முன்னுரை, வணிகக் குடும்பத்துப் பெண்ணின் விளக்குதான் விஷயம்.

இதே காலத்தில் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் குழு தென்னிந்தியா முழுக்கக் கொடிகட்டிப் பறந்தது. கர்நாடகத்தின் ஐஹொளே இவர்களின் மூல ஊராகச் சொல்லப்படுகிறது. நிலவழி, நீர்வழி இரண்டிலும் நாடு நாடாகப் போனவர்கள் என்று தங்கள் கல்வெட்டுகளில் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். 1088ல் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் தமிழில் கல்வெட்டு வைத்ததும் இவர்கள்தான்.

நெசவாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சரக்கு மட்டும்தான் பாதையில் வரும் என்றில்லை. கைத்தொழில் தெரிந்த ஆட்களும் வருவார்கள், வந்து தங்கிவிடுவார்கள். பட்டு விஷயத்தில் இதுதான் பெரிய கதை.

பட்டுப்புழு வளர்க்கும் ரகசியத்தைச் சீனா வெளியே விடாமல் காத்தது. அதைக் கடத்தியதாகச் சொல்லப்படும் கதைகளும் உண்டு. மத்திய ஆசியாவின் கோத்தான் நாட்டு அரசனுக்கு மனைவியாகப் போன இளவரசி, தன் தலை அலங்காரத்துக்குள் பட்டுப்புழு முட்டையை ஒளித்துக் கொண்டுபோனாள் என்று யுவான் சுவாங் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் துறவிகள் சிலர் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனுக்கு முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பது இன்னொரு பதிவு. எல்லாவற்றிலும் ஒரு மனிதர்தான் தொழிலைச் சுமந்து போகிறார்.

நம்ம பக்கம் வருவோம். மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் கி.பி. 473ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. லாட தேசத்தில் இருந்து, அதாவது இன்றைய தெற்கு குஜராத்தில் இருந்து, ஒரு பட்டு நெசவாளர் குழு மொத்தமாக அங்கே குடிபெயர்ந்து வந்து, பட்டு நெய்து சம்பாதித்த பணத்தில் சூரியனுக்குக் கோயில் கட்டியதாம். அதில் ஒரு வரிச் செய்தி இன்றைக்கும் பொருந்தும். குடிபெயர்ந்த பிறகு சிலர் வில்வித்தைக்குப் போனார்கள், சிலர் சோதிடம் கற்றார்கள், சிலர் கதை சொல்லப் போனார்கள், சிலர் மட்டும் தறியிலேயே நின்றார்கள். 1,550 ஆண்டுகளுக்கு முன்பே நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருக்கிறார்கள்!

தமிழ்நாட்டுச் சௌராஷ்டிர மக்களின் மரபுக் கதையும் குஜராத்தில் இருந்துதான் தொடங்குகிறது. சௌராஷ்டிரத்தில் கிளம்பி, மகாராஷ்டிரத்தின் தேவகிரியில் தங்கி, பிறகு விஜயநகரம், அங்கிருந்து மதுரை உள்ளிட்ட தமிழ் ஊர்கள். 'பட்டுநூல்காரர்' என்றே இவர்களுக்குப் பெயர். மந்தசோர்க் குழுவும் இவர்களும் ஒரே வழியினரா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை, ஒப்பிட்டுப் பேசுபவர்கள் உண்டு. மொழி மட்டும் பயணத்தை மறைக்காமல் சொல்கிறது. அடிப்படை குஜராத்தி, மராத்தியோடு உறவு கொண்டது. அதன் மேல் தெலுங்கும் கன்னடமும் தமிழும் படிந்திருக்கின்றன. தங்கிய ஒவ்வொரு ஊரும் மொழியில் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டது மாதிரி.

மதுரை, கும்பகோணம், சேலம், காஞ்சிபுரம், வாலாஜாபேட்டை போல ஆரணியிலும் சௌராஷ்டிர நெசவாளர்கள் இருக்கிறார்கள். கூடவே நெடுங்காலத் தமிழ் நெசவுச் சமூகமான செங்குந்தர்களும். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கைக்கோளர் என்று வருபவர்கள் இவர்கள். வந்தவர்கள் ஒரு பக்கம், ஏற்கெனவே இருந்தவர்கள் ஒரு பக்கம். ஆரணிப் பட்டு இரண்டு பேரின் கைப்பக்குவமும் சேர்ந்தது.

வட தமிழகத்தில் குஜராத் பக்கத்து மக்கள் எப்போது இருந்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல தடயம், மேலே சொன்ன அதே விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கிறது. 1425ஐ ஒட்டிய விஜயநகரக் காலக் கல்வெட்டு. படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்கள், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுக்கவோ பொன் கொடுத்துப் பெண் எடுக்கவோ கூடாது என்று செய்துகொண்ட ஒப்பந்தம் அது. படைவீடு என்பது ஆரணிக்கு மேற்கே இருக்கும் இன்றைய படவேடுதான். கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார்? கன்னடர், தமிழர், தெலுங்கர், 'இலாளர்'. கடைசிப் பெயர் லாட தேசத்தவரைக் குறிக்கிறது என்று கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் பொருள் கொண்டார். இவர்கள் நெசவாளர்கள் அல்ல, அந்தணர்கள். ஆனால் 600 ஆண்டுகளுக்கு முன்பே நான்கு தேசத்து மக்கள் இந்தப் பகுதியில் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சமூக விதியை முடிவு செய்யும் அளவுக்குக் கலந்திருந்தார்கள் என்பது தெரிகிறதே!

17ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை ஷாஜி காலத்தில் ஆரணி ஒரு மராத்திக் குடும்பத்துக்கு ஜாகீராகக் கிடைத்தது. அதோடு மராத்தியும் ஊருக்குள் வந்தது. ஊர் பாதையில் இருந்தால் படையும் வரத்தான் செய்யும். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே பிரெஞ்சு ஆதரவுப் படையைத் தோற்கடித்தார். 1782ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் ஆரணியில் மோதினார்கள்.

கலை விஷயத்தில் ஒரே ஒரு உதாரணம் போதும். ஆரணிக்கு வடக்கே இருக்கும் வாலாஜாபேட்டையில் வாழ்ந்தவர் வெங்கடரமண பாகவதர் (1781–1874). சௌராஷ்டிரர், தியாகராஜரின் நேரடிச் சீடர். தெலுங்குக் கீர்த்தனைகளை அவரும் அவர் குடும்பமும் சுவடிகளில் எழுதிக் காத்ததால்தான் பல கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்தன. குஜராத் வேர் கொண்ட சமூகம், தமிழ் மண், தெலுங்குப் பாட்டு. அந்தச் சுவடிகள் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன.

துணியின் பெயரைக் கேட்டால் ரூட் மேப் தெரியும்

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், அந்தக் காலத்துத் துணி வகைகள் என்று 36 பெயரைப் பட்டியல் போடுகிறார். அதில் 'கோசிகம்' என்பது பட்டு. 'குச்சரி', 'தேவகிரி' என்றும் இரண்டு பெயர்கள் வருகின்றன. குச்சரி கூர்ஜரம், அதாவது குஜராத். தேவகிரி, சௌராஷ்டிரர்கள் தங்கிப் போனதாகச் சொல்லும் அதே தேவகிரி. நெசவாளர் வந்த வழியும் துணி வந்த வழியும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

உலகம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. காலிகோ என்றால் கோழிக்கோடு. டமாஸ்க் என்றால் சிரியாவின் டமாஸ்கஸ். மஸ்லின் என்ற பெயர் ஈராக்கின் மோசூல் நகரத்தில் இருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் ஆரணியில் நெய்த மெல்லிய பருத்தித் துணியைப் புகழ்ந்தார்கள். என்ன பெயரில்? 'ஆரணி மஸ்லின்'. ஆரணிக்காரர் நெய்த துணிக்கு மோசூல் பெயர்!

ஜவுளிக் கடைப் பேச்சையும் கவனியுங்கள். ஜரிகை என்பது தங்கத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது. கெஜம், தராசு, ரசீது எல்லாம் பாரசீகத் தொடர்பு உடையவை. ஆனால் தறியில் உட்கார்ந்துவிட்டால் பாவு, ஊடை, விழுது என்று தமிழ் வந்துவிடும். வியாபாரம் பிற மொழியோடு கலந்தது, தறி பெரும்பாலும் ஊர் மொழியிலேயே நின்றது.

இந்தப் பெயர் விவகாரத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கைமாறும் வழியில் சரக்குக்கு ஒட்டுவது, கடைசியாக விற்ற ஊரின் பெயர். செய்த ஊரின் பெயர் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். இது பழங்கதை இல்லை, இன்றைய ஆரணியின் பிரச்சினையே இதுதான்.

இன்றைய பாதை: ராமநகரா – சூரத் – ஆரணி

மைசூர்ப் பகுதிக்குப் பட்டுப்புழு வளர்ப்பைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் திப்பு சுல்தான். 1780களில் வங்காளத்தில் இருந்து பட்டுப்புழுக்களை வரவழைக்க ஏற்பாடு செய்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய நிபுணர்களை வைத்துப் பெங்களூருவில் பட்டுப் பண்ணை தொடங்கினார். இன்று ஆசியாவின் மிகப்பெரிய பட்டுக்கூடு சந்தைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது, கர்நாடகாவின் ராமநகரா. தமிழ்நாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டுக்கூடு விளைகிறது. நூல் அதே பழைய சரிவில் கீழே இறங்கி ஆரணிக்கு வருகிறது.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. இதில் சூரத்துக்குத்தான் பெரிய பங்கு. அதனால் ஆரணியில் ஒரு தறியின் கணக்கு, பெங்களூரு நூல் விலையோடும் தங்கம், வெள்ளி விலையோடும் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. உலகில் பட்டு உற்பத்தியில் சீனா முதலிடம், இந்தியா இரண்டாமிடம். சீனக் கச்சாப் பட்டு மலிவாக வந்தால் இங்கே பட்டுக்கூடு விவசாயி அடி வாங்குவார், வராவிட்டால் நெசவாளருக்கு நூல் விலை ஏறும். 2,000 ஆண்டுக்கு முந்தைய அதே சீனத் தொடர்பு, இப்போது இறக்குமதி வரி என்ற பெயரில்.

தறிக்கு வருவோம். முன்பு டிசைனுக்கு 'அடை' கட்டி, நூல்களைக் கையால் தூக்கி நெய்தார்கள். 1804ல் பிரான்ஸின் ஜோசப் மரி ஜக்கார்டு கண்டுபிடித்த துளை அட்டை முறை, பிற்பாடு இங்கே வந்து அடைக்குப் பதிலாக உட்கார்ந்துவிட்டது. (கம்ப்யூட்டருக்குத் துளை அட்டை யோசனை வந்ததும் இந்தத் தறியில் இருந்துதான் என்பது தனிக்கதை.) உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இணைக்கும் 'கோர்வை' வேலைக்கு மூன்று நாடாவும், பக்கத்தில் ஒரு துணை ஆளும் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். கூலி ஒரு சேலைக்கு ஒரு கூலி, இரண்டு ஆளுக்கும் சேர்த்து. கைத்தறி பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது.

2020 ஊரடங்கில் என்ன ஆனது என்பது நினைவிருக்கும். நூல் வரவில்லை, கல்யாணங்கள் தள்ளிப்போயின, தறி நின்றது. பாதையில் ஒரு கண்ணி அறுந்தாலே போதும்.

ஆரணிப் பட்டு, காஞ்சிப் பட்டு: பெயர் யாருக்கு?

ஆரணிப் பட்டு பொதுவாகக் காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, விலையும் கொஞ்சம் கையடக்கம். அலுவலகத்துக்கும் விசேஷத்துக்கும் உடுத்த வசதி. ஆனால் கடைக்குப் போய் 'ஆரணிப் பட்டு காட்டுங்க' என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? ஆரணியில் நெய்தது 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் விலை போகிறது என்பது நெசவாளர்களின் நீண்டகால வருத்தம். 'ஆரணி மஸ்லினு'க்கு நடந்ததேதான். சேலை பெரிய ஊர் பெயரில் விற்றால் வியாபாரிக்கு லாபம். கூலி மட்டும் சின்ன ஊர்க் கணக்கில்.

இதற்குத்தான் புவிசார் குறியீடு. 1999ல் நிறைவேறிய சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் குறியீடு உண்டு, ஆரணிப் பட்டுக்கும் தனியாகக் குறியீடு உண்டு. இரண்டும் வேறு வேறு. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்குப் போடக்கூடாது என்பதுதான் இதன் பொருள். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சட்டம் ஊரின் பெயரைக் காக்கும், ஆனால் தானாகக் காக்காது. வாங்குபவர் கேட்காதவரை விற்பவர் சொல்லப்போவதில்லை. இன்னொரு பக்கம் விசைத்தறி. 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி குறிப்பிட்ட வகைச் சேலைகள் உட்பட 11 ரகங்கள் கைத்தறிக்கு மட்டுமே. ஆனாலும் விசைத்தறியில் ஓடிய சேலை கைத்தறி விலைக்குப் போகிறது என்ற புகார் ஓயவில்லை. விசைத்தறியில் வேலை செய்பவரும் உழைப்பாளிதான், அதில் தப்பில்லை. பெயரை மாற்றிச் சொல்வதுதான் தப்பு.

வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

சில்க் மார்க்: மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாடு. இது இருந்தால் தூய பட்டு என்று பொருள். கைத்தறியா விசைத்தறியா என்று இது சொல்லாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஹேண்ட்லூம் மார்க்: இது கைத்தறி என்பதற்கான அடையாளம். இரண்டு மார்க்கும் இருந்தால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முந்தானை ஓரத்து நூலில் ஒரு சின்ன இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகிவிடும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணி மாதிரி நிற்கும். கடைக்குள்ளேயே செய்யாதீர்கள், விரட்டிவிடுவார்கள்.

பில்லில் 'பட்டு' என்று மட்டும் எழுதித் தந்தால், எந்த ஊர்த் தறி, கைத்தறியா என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கக் கடை என்றால் எந்தச் சங்கம் நெய்தது என்பதே லேபிளில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆரணியில் நெய்தது என்றால் அந்த ஊர் பெயரே ரசீதில் வரட்டும்.